மறைவுக்குப் பின்னால் நின்று குறிபார்க்கும் துவக்குகள்: வளைய வேண்டியது எது?

பம்பலப்பிட்டி_பௌதிகம்

வணக்கம். பாடசாலைக் கண்காட்சியில எங்கட உயர்தர வகுப்புக்கு ஒரு மேசை கிடைச்சிருக்கு. தலைப்பு "தலையை வெளியே நீட்டாமல் குறிபார்த்தல்". முதலாம் உலகப் போரில 1915இல துருக்கியின்ர கலிப்போலியில பாவிச்ச பெரிஸ்கோப் றைபிள், இரண்டாம் உலகப் போரில ஜெர்மன்காரர் செய்த வளைந்த குழல், மூலைக்கு அப்பால சுடுறதுக்குக் கமெரா வச்ச இப்பத்தைக் கோர்னர்ஷொட், இந்த மூண்டையும் தெறிப்பு, வட்ட இயக்கம், உந்தம் எண்டு பாடத்தோட சேர்த்து விளக்கவேணும். மூண்டு இடத்தில முட்டிக்கொண்டு நிக்கிறம்.

முதலாவது: தளவாடி ஒரு பாகை திரும்பினால் தெறிகதிர் இரண்டு பாகை திரும்பும். 100 மீற்றரில அது மூன்றரை மீற்றர் விலகல். அகழிக்குள்ள பலகையில அடிச்ச கண்ணாடி ஒரு பாகை கூட அசையாமலா இருந்திருக்கும்? பிறகு எப்பிடி அது குறி தப்பாமல் சுட்டது?

இரண்டாவது: வளைந்த குழல் வேலை செய்ததா இல்லையா? தேடிப் பார்த்தா ரெண்டு விதமாவும் எழுதியிருக்கு.

மூண்டாவது: கோர்னர்ஷொட்டில ஏன் கைத்துப்பாக்கி? றைபிளையே பூட்டியிருக்கலாமே?

மேசையில வைக்க ஒரு மாதிரியும் வேணும். துவக்கு உருவத்தில எதுவும் வரக்கூடாது எண்டு அதிபர் சொல்லிட்டார். செலவும் கூடப் போகேலாது.

ஆடியும்வில்லையும்

தம்பி, முதல் கேள்வியில் நீங்கள் போட்ட கணக்கு சரி. பொருத்திய இடம்தான் பிழை. ஒரு பாகைக்கு இரண்டு பாகை என்ற விதி, ஆடி தனியே நின்று எங்கே பார்க்கவேண்டும் என்று தீர்மானிக்கும்போதுதான் உயிரை வாங்கும். பெரிஸ்கோப் றைபிளில் ஆடிக்கு அந்த அதிகாரமே கிடையாது.

அமைப்பை ஒருமுறை மனதில் வைத்துப் பாருங்கள். றைபிள் மண்மூட்டைக்கு மேலே, ஒரு மரச்சட்டத்தின் தலையில் கிடக்கிறது. அதன் பின்குறி, முன்குறி இரண்டும் வழமையான இடத்தில்தான் இருக்கின்றன. அடிக்கட்டைக்குப் பின்னால், வழமையாகக் கண் இருக்கவேண்டிய உயரத்தில், 45 பாகையில் ஒரு தளவாடி. அதற்கு நேர் கீழே, அகழிக்குள் நிற்பவனின் கண்மட்டத்தில், முதலாவதுக்குச் சமாந்தரமாக இன்னொன்று. ட்றிகரில் கட்டிய கயிறு கீழே வருகிறது. சுடுபவன் கீழ் ஆடியில் எதைப் பார்க்கிறான்? இலக்கை மட்டுமல்ல. பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் அதே இரண்டு ஆடிகள் வழியாகத்தான் பார்க்கிறான். ஆடி அசைந்தால் மூன்றும் சேர்ந்தே அசையும். ஒன்றுக்கொன்று அவற்றின் ஒழுங்கு மாறாது. நேர்கோட்டில் நின்றது நேர்கோட்டில்தான் நிற்கும்.

அப்படியானால் ஆடி விலகும்போது என்ன கெடும்? கண் வைக்கும் இடம் மாறும். பின்குறியின் வெட்டுக்குள் முன்குறி வந்து உட்கார, தலையை ஒரு பக்கம் சரிக்கவேண்டி வரும். விலகல் அதிகமானால் குறிகள் ஆடியின் விளிம்புக்கு வெளியே போய்விடும். அதாவது குறிபார்க்க முடியாமல் போகுமே தவிர, குறிபார்த்துவிட்டுப் பிழையாகச் சுடுவது நடக்காது. உங்கள் விளக்கப் பலகையில் பெரிய எழுத்தில் போடவேண்டியது இதுதான்: குறியும் குழலும் ஒரே விறைப்பான உடலில் இருக்கும்வரை, பார்வையை எத்தனை முறை மடித்தாலும் பிரச்சினை இல்லை.

உண்மையில் தொல்லை கொடுத்தவை வேறு. சாதாரணக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம். முன்பக்கக் கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஒளியைத் தெறிக்கும். 4 மில்லிமீற்றர் கண்ணாடியில் 45 பாகையில் விழும் கதிருக்கு இந்த இரண்டு தெறிப்புகளும் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் விலகி வரும். முறிவுச் சுட்டி 1.5 என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், பரீட்சைக்கும் உதவும். விளைவு, முன்குறியின் மெல்லிய தகட்டுக்குப் பக்கத்தில் மங்கலான நிழல் ஒன்று. இரண்டு ஆடி என்றால் நிழலுக்கும் நிழல். வெளிச்சமான வானத்தை முதுகில் வைத்த முன்குறியில் இது நன்றாகவே தெரியும்.

அடுத்தது பார்வைப்புலம். கண்ணிலிருந்து மேல் ஆடி வரை ஒளி நடக்கும் தூரம் 60 சென்ரிமீற்றர், ஆடியின் பயன்படும் அகலம் 10 சென்ரிமீற்றர் என்றால், தெரியும் கோணம் ஒன்பதரைப் பாகைதான். கடதாசிக் குழாய்க்குள்ளால் உலகத்தைப் பார்ப்பது மாதிரி. அதனால்தான் அக்காலப் புகைப்படங்களில் துவக்குக்காரனுக்குப் பக்கத்தில் சாதாரணப் பெரிஸ்கோப்போடு இன்னொருவன் நிற்கிறான். தேடுவது அவன் வேலை, சுடுவது இவன் வேலை.

பழையபக்கம்

வரலாற்றுப் பகுதியை நான் தருகிறேன். திகதிகளைச் சரியாகப் போடுங்கள்.

கலிப்போலித் தரையிறக்கம் 1915 ஏப்ரல் 25. பெரிஸ்கோப் றைபிளைச் செய்தவர் அவுஸ்திரேலிய 2ஆம் பட்டாலியனின் லான்ஸ் கோப்ரல் வில்லியம் பீச், அதே ஆண்டு மே மாதத்தில். அதைக் கண்டு மேலிடத்துக்கு எடுத்துச் சென்ற மேஜர் தோமஸ் பிளேமி பின்னாளில் பீல்ட் மார்ஷல் ஆனவர். பிறகு அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் (அன்சாக்) இறங்கிய அன்சாக் கடற்கரையிலேயே ஒரு பட்டறை போட்டுச் சட்டங்களை அடித்தார்கள். கண்ணாடி, கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களில் கழற்றியது. குவின்ஸ் போஸ்ட் போன்ற இடங்களில் இருதரப்பு அகழிகளுக்கும் இடையே சில மீற்றர்தான். அங்கே பகலில் தலையைத் தூக்கியவன் பிழைப்பது கடினம். அந்தச் சிக்கலுக்கு மரமும் கண்ணாடியும் கயிறும் கொண்டு கண்ட விடை இது. 200, 300 யார் வரை ஓரளவு நம்பிச் சுடலாம் என்பதுதான் வழமையாகச் சொல்லப்படும் அளவு.

"முதல் கண்டுபிடிப்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஹைப்போஸ்கோப் என்ற பெயரில் யூல்ட்டன் என்பவர் றைபிளில் பூட்டும் ஆடிக்கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்திருந்தார். பீச் செய்தது போர்முனையில் கிடைத்த சாமானில், உடனே பெருக்கக்கூடிய வடிவம்.

கொழும்போடு தொடுக்க ஆசையிருந்தால் வழி இருக்கிறது. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல் தொடர் 1914 நவம்பர் நடுவில் கொழும்புத் துறைமுகத்தில் நின்றுதான் போனது. அதற்குச் சில நாள் முன், நவம்பர் 9இல், அந்தத் தொடருக்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைக் கொக்கோஸ் தீவில் முடித்திருந்தது. இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படையிலிருந்து ஒரு பிரிவும் கலிப்போலிக்குப் போனது. அன்சாக் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவல் அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஆனால் அவர்கள் பெரிஸ்கோப் றைபிள் பிடித்தார்கள் என்று எழுதவேண்டாம். அதற்கு ஆதாரம் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

பம்பலப்பிட்டி_பௌதிகம்

நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். ஒரு சந்தேகம். குறி தப்பாது எண்டா ஏன் 200, 300 யாரோட நிக்குது? அதே றைபிள் தோளில வச்சா அதைவிட எவ்வளவோ தூரம் போகுமே.

ஆடியும்வில்லையும்

இரண்டு காரணம். கண்ணுக்கும் குறிகளுக்கும் இடையே ஒளிப்பாதை நீண்டுவிட்டதால் முன்குறி, பின்குறி இரண்டும் கொஞ்சம் சிறுத்துத் தெரியும், நிழல் விம்பம் வேறு. பெரிய காரணம் பிடிமானம். நாலு கிலோ றைபிள் கைக்கு மேலே உயரத்தில் நிற்கிறது, தாங்குவது ஒரு மரச்சட்டம். கயிற்றை நேர் பின்னால் இழுக்காமல் கீழ்நோக்கி இழுத்தால் முழுச் சட்டமும் சேர்ந்து சாயும். வெடித்தவுடன் பின்னுதைப்பு மேலே, தாங்கும் இடம் கீழே. இடைத்தூரம் முழுவதும் திருப்புதிறனாகிறது. போல்ட் அடிக்கும் றைபிள் வேறு, அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கீழே இறக்கி, போல்டை இழுத்து, மறுபடி தூக்கி, மறுபடி கண்ணைப் பொருத்தவேண்டும். சட்டத்தின் ஆணிகள் இளகுவதும் இந்த ஏற்றி இறக்கலில்தான்.

கடைசல்பட்டறை

வளைஞ்ச குழலுக்கு வருவம். ஜெர்மன் பேர் க்ரும்லாவ்ஃப். ஸ்டூர்ம்கெவேர் 44 துவக்கின் வாயில பூட்டுற தனி உறுப்பு அது, துவக்கின்ர சொந்தக் குழல் நேராத்தான் இருக்கும். 30 பாகை வடிவம் காலாட்படைக்கு. 45, 60, 90 எண்டும் செய்து பாத்தவங்கள். கூடிய வளைவு யுத்த தாங்கிகளுக்கு. தாங்கிக்குக் கிட்ட வந்து ஒட்டிக்கொண்டு நிக்கிற ஆளை உள்ளுக்கிருந்து சுட வழியில்லாததால, கூரையால நீட்டிச் சுட அந்தக் குழல்.

"வேலை செய்ததா" எண்டு கேட்டா, செய்தது. "பிரயோசனமா" எண்டு கேட்டா, பெரிசா இல்லை. கணக்கில பாருங்கோ.

சன்னத்தின்ர நிறை 8.1 கிராம். வாய்வேகம் செக்கனுக்கு 685 மீற்றர். வளைவு 30 பாகை, வில்லின்ர நீளம் 30 சென்ரிமீற்றர் எண்டு கணக்குக்காக வைப்பம். 30 பாகை எண்டது 0.524 ஆரையன், ஆகவே ஆரை 0.3 / 0.524 = 0.573 மீற்றர். மையநாட்ட விசை நிறை × வேக வர்க்கம் / ஆரை. வருவது ஏறக்குறைய 6,600 நியூற்றன். 670 கிலோ பாரத்தை அந்தச் சின்னச் சன்னத்தின்ர ஒரு பக்கத்தில மட்டும் வச்சு அழுத்தின மாதிரி, அதுவும் குழல் சுவரில உரஞ்சிக்கொண்டு. அதே நீளத்துக்குள்ள 90 பாகை திருப்பினா விசை மூண்டு மடங்கு, 2 தொன் பாரம்.

சன்னம் எண்டது உறை போட்ட உலோகம். ஒரு பக்கத்தால உறை தேயும், உருவம் நசியும், சில வேளை உள்ளுக்கேயே உடைஞ்சு துண்டு துண்டா வெளியில வரும். குழலுக்கும் அதே கதிதான், வளைவின்ர வெளிச்சுவரில சுழிவெட்டு (சன்னத்தைச் சுழல வைக்கிற திருகு வெட்டு) அழிஞ்சு போகும். 30 பாகைக் குழலின்ர ஆயுள் 300 ரவை அளவு, 45 பாகைக்கு 160 அளவு. அதைக் கொஞ்சம் நீட்டத்தான் குழலின்ர நீளத்துக்குச் சின்ன ஓட்டைகள் துளைச்சு வாயுவை வெளியேத்தினவங்கள். அழுத்தம் குறைஞ்சா வேகம் குறையும், வேகம் குறைஞ்சா விசை வர்க்கத்தில குறையும்.

30 பாகைக் குழலில 100 மீற்றரில 35 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள்ள விழுந்தது எண்டு பதிவு இருக்கு. தெருச்சண்டைக்கு அது காணும். ஆனா 300 ரவைக்குப் பிறகு தூக்கி எறிய வேண்டிய சாமானை, உருக்குக்கே தட்டுப்பாடு வந்த 1944, 45இல ஆர் வார்த்துக் கொட்டுறது?

வேக வர்க்கம் எண்டதுக்கு இன்னொரு உதாரணமும் பலகையில போடலாம். அமெரிக்கர் தங்கட எம்3 சப்மெஷின் துவக்குக்கும் வளைஞ்ச குழல் செய்து பாத்தவை. அதின்ர சன்னம் 14.9 கிராம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பாரம். ஆனா வேகம் 280 மீற்றர்தான். அதே ஆரையைப் போட்டா 2,000 நியூற்றன். பாரம் கூடியும் விசை மூண்டில ஒண்டுக்கும் குறைவு. மாணவருக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

இன்னொண்டு. க்ரும்லாவ்ஃபுக்கும் பார்வைக்கு ஆடியும் அரியமும்தான் வச்சிருந்தவங்கள். பார்வையை மடிக்கிறதில அவங்களுக்குச் சிக்கல் வரேல்லை. சன்னத்தை மடிக்கப் போனதுதான் வினை.

ஆடியும்வில்லையும்

கடைசல் சொன்ன கடைசி வரி முக்கியம். அதோடு ஒரு திருத்தம் மாதிரி: அங்கே நான் சொன்ன "ஒரே விறைப்பான உடல்" விதியும் உடைகிறது. வளைந்த துண்டு துவக்கின் வாயில் பூட்டிய தனி உறுப்பு. பூட்டில் சிறு ஆட்டம் இருந்தாலோ, குழல் தேய்ந்து சன்னம் வெளியேறும் கோணம் மாறினாலோ, குறிக்கு அது தெரியவே தெரியாது. நேற்றுச் சரிபார்த்த குறி இன்று பொய் சொல்லும்.

திரையும்வயரும்

3ஆவது கேள்விக்கு நான்.

கோர்னர்ஷொட் 2000களின் தொடக்கத்தில் வந்தது. இஸ்ரேலியப் படையின் முன்னாள் அதிகாரி அமோஸ் கோலான் வடிவமைத்தது. உள்ளுக்குள்ள பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நடுவில் பிணைச்சல் வைத்த ஒரு சட்டம். முன்பாதியில் வழமையான 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி, அதோடு ஒட்டிக் கமெராவும் டோர்ச்சும். பின்பாதியில் தோள்கட்டை, ட்றிகர், சின்ன வர்ண எல்.சி.டி. திரை. முன்பாதி இரண்டு பக்கமும் சுமார் 60 பாகை திரும்பும். பின்னால் இழுக்கும் ட்றிகர் ஒரு இணைப்பு வழியாக முன்னாலுள்ள ட்றிகரை இழுக்கும்.

குழலும் கமெராவும் ஒரே முன்பாதியில் இருப்பதைக் கவனியுங்க. பீச்சின் கொள்கைதான், தளவாடிக்குப் பதிலாக வயர். பிணைச்சல் தேய்ந்து ஆடினாலும் குறி கெடாது, ஏனெண்டால் படம் எடுக்கிறதும் சுடுறதும் ஒன்றாகவே ஆடும். குறி கெடுவதென்றால் கமெராவின் பிடி இளகவேணும். ஆகவே இறுக்கிப் பிடிக்கவேண்டிய ஸ்குரூ பிணைச்சலில் இல்லை, கமெராப் பிடியில்தான் இருக்கு.

கமெரா குழலுக்கு மேலேயோ கீழேயோ சில சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும். இடைவெளி 5 சென்ரிமீற்றர், இரண்டு கோடும் 20 மீற்றரில் சந்திக்கும்படி சரிசெய்தது என்று வைங்க. 10 மீற்றரில் இரண்டரை சென்ரிமீற்றர் ஒரு பக்கம் விலகும், 40 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் மறுபக்கம். இதே விஷயம் சாதாரண றைபிளிலும் இருக்கு. குறிக்கண்ணாடி குழலுக்கு மேலே நிற்பதால், கண்ணுக்கு மதில் தடையில்லை என்று தெரியும்போது குழல்வாய் இன்னும் மதிலுக்குக் கீழேயே இருக்கலாம். பயிற்சிக் களங்களில் மறைப்புப் பலகைகளின் மேல்விளிம்பு கிழிந்து கிடப்பது இதாலதான்.

ஏன் கைத்துப்பாக்கி? முன்பாதி நேராக இருக்கும்போது பின்னுதைப்பு தோளுக்கு வரும். 60 பாகை திரும்பிவிட்டால் கோசைன் 60, அதாவது பாதிதான் தோளுக்கு. சைன் 60, அதாவது 0.87 பங்கு பக்கவாட்டில் போகும். அது பிணைச்சலைத் திருகும், சட்டத்தைக் கையிலிருந்து சுழற்றும். 9 மில்லிமீற்றர் உந்தத்தை இரண்டு கையால் அடக்கலாம். றைபிள் ரவை என்றால் பிணைச்சலும் பூட்டும் பாரமாக வேணும், அப்போது முன்பாரம் கூடித் தூக்கவே ஏலாது. 5.56 வடிவமும் பிறகு வந்தது உண்மை, ஆனால் குழல் குட்டையானது. பாகிஸ்தான் ஆயுதத் தொழிற்சாலை 2008இல் காட்டிய பி.ஓ.எஃப். ஐ (Eye) என்பதும் கைத்துப்பாக்கியைச் சுற்றிச் செய்ததுதான். எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதற்குக் காரணம் இந்தச் சைன் 60.

இதன் குறைகளையும் போடுங்க. திரையில் ஆழம் தெரியாது, ஒரு கமெராதானே. வெயிலில் எல்.சி.டி. வெளிறும். மத்தியானம் காலிமுகத்திடலில் நின்று போனைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும். மகசின் மாற்ற முன்பாதியை உள்ளே இழுக்கவேணும். பற்றரி போனால் 4 கிலோ தடி மட்டும் மிஞ்சும்.

இன்றைய போக்கு பிணைச்சலையே விட்டுவிட்டது. அமெரிக்கப் படை 2019இலிருந்து கொடுக்கும் ஈ.என்.வி.ஜி.-பி என்ற இரவுக்கண்ணாடி, துவக்கிலுள்ள வெப்பக் குறிக்கருவியின் படத்தை வயர் இல்லாமல் வாங்கிக் கண்ணுக்குள்ளேயே காட்டும். துவக்கை மட்டும் மூலைக்கு வெளியே நீட்டினால் போதும். அதன் சிக்கல் தாமதம். படம் 0.2 செக்கன் பிந்தினால், செக்கனுக்கு 1.4 மீற்றர் நடக்கிற ஆள் அதற்குள் 28 சென்ரிமீற்றர் போயிருப்பான். வெப்பக் கமெரா ஜன்னல் கண்ணாடியை ஊடுருவாது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். கண்ணாடிக்கு முன் நின்றால் அதில் உங்கள் சூடுதான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

வாகனக் கூரையில் பூட்டி உள்ளிருந்து ஜொய்ஸ்ரிக்கால் இயக்கும் க்ரோஸ் போன்றவையும் இதே குடும்பம்தான். உங்கள் மேசைக்கு அவை தேவையில்லை.

பம்பலப்பிட்டி_பௌதிகம்

இப்ப மூண்டும் ஒரு கோட்டில வருது. மாதிரிக்கு லேசர் பொயின்ரர் வச்சு ஏதும் செய்யலாமா? மோட்டார் சைக்கிள் பக்கக் கண்ணாடி ரெண்டு வகுப்பில கிடக்கு, அதைப் பாவிக்கலாமா?

ஆடியும்வில்லையும்

பக்கக் கண்ணாடி வேண்டாம். அவை பெரும்பாலும் குவிவு, விம்பம் சிறுக்கும், நேர்கோட்டுக் கதையே குழம்பும். தளவாடிதான் வேண்டும். மிக நல்லது பழைய ஸ்கேனர், போட்டோகொப்பி மெஷினுக்குள் இருக்கும் நீளக் கண்ணாடித் துண்டுகள். அவற்றில் பூச்சு முன்பக்கம், நிழல் விம்பம் வராது. ஆனால் ஒடுக்கமானவை. ஆகவே இப்படிச் செய்யுங்கள்: பிரதான மாதிரிக்குக் கண்ணாடிக் கடையில் வெட்டிய சாதாரணத் தளவாடி, பக்கத்தில் ஸ்கேனர் துண்டு ஒன்று. இரண்டிலும் ஒரு ஊசியின் விம்பத்தைப் பார்க்கச் சொன்னால் நிழலின் கதை சொல்லாமலே விளங்கும்.

அளவு: 10 சென்ரிமீற்றர் அகலப் பாதைக்கு 45 பாகையில் நிற்கும் ஆடியின் நீளம் 10 × 1.414, ஆகவே 10 × 14 என்று இரண்டு துண்டு.

ஒரு மீற்றர் நேரான மரச்சலாகை எடுங்கள். முன் நுனியில் தலை வெட்டிய ஆணி ஒன்று, அதற்கு அரை மீற்றர் பின்னால் வி வெட்டிய தகரத் துண்டு. சலாகையின் அடியில் லேசரை இரண்டு கேபிள் டையால் கட்டி, ஒரு பக்கம் மட்டை செருகிச் சரிசெய்ய இடம் விடுங்கள். ஆடி இல்லாமலே, நேரே கண்ணால் வெட்டு, ஆணி, 10 மீற்றரில் சுவரில் ஒட்டிய புள்ளி மூன்றையும் ஒழுங்காக்கி, லேசர் அதே புள்ளியில் விழும்வரை மட்டையைச் செருகுங்கள். இதுதான் குறியைச் சரிசெய்தல். இதற்குப் பிறகு லேசரைத் தொடக்கூடாது.

பிறகு சலாகையின் பின்நுனியில் ஒரு ப்ளைவூட் சட்டம், கீழ்நோக்கி 45 சென்ரிமீற்றர். மேலே ஓர் ஆடி, கீழே ஓர் ஆடி. கீழ் ஆடியை மட்டும் ஒரு சிறிய பிணைச்சலில் பூட்டுங்கள், திருப்பிக் காட்ட வேண்டும். சமாந்தரமா என்று பார்க்க இன்னொரு லேசரைக் கீழ் ஆடிக்குள் கிடையாக விடுங்கள். உள்ளே போகும் கதிருக்கும் மேலே வெளியேறும் கதிருக்கும் இடையிலான உயர வித்தியாசம் 1 மீற்றரிலும் 10 மீற்றரிலும் ஒன்றாக இருந்தால் சரி.

இப்போது செய்துகாட்டுவது. பார்வையாளர் ஆடி வழியாகக் குறிபார்த்து லேசரை அழுத்தட்டும், புள்ளியில் விழும். பிணைச்சலை ஒரு பாகை திருப்புங்கள். படம் முழுவதும் நகரும், அவர் தலையைச் சரித்து மறுபடி குறிபார்க்க வேண்டிவரும், ஆனால் லேசர் மறுபடி புள்ளியில்தான் விழும். அடுத்து வி தகரத்தையும் ஆணியையும் கழற்றிவிட்டு, கீழ் ஆடியில் மார்க்கரால் ஒரு சிலுவைக்குறி போடுங்கள். "இதுதான் இனிக் குறி" என்று சொல்லிச் சரிசெய்துவிட்டு, மறுபடி ஒரு பாகை திருப்புங்கள். லேசர் 35 சென்ரிமீற்றர் தள்ளிப் போய் விழும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் குறி மாறுவதையும் அங்கேயே காட்டலாம். தம்பி முதலில் கேட்ட கேள்விக்கு விடை அந்த 35 சென்ரிமீற்றரில் இருக்கிறது.

திரையும்வயரும்

கோர்னர்ஷொட் பக்கத்துக்கு: ஒரு கதவுப் பிணைச்சல், இரண்டு பலகைத் துண்டு, முன்துண்டில் யூ.எஸ்.பி. கமெராவும் லேசரும், பின்துண்டில் திரை. துவக்கு உருவம் வரவே வராது. கமெரா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். வைஃபை கமெரா எடுக்கவேண்டாம், தாமதம் கூட. ஆனால் ஒன்று வகுப்பில் இருந்தால் பக்கத்தில் வைத்துத் தாமதத்தைக் காட்டப் பாவிங்க. இரண்டு கமெராவும் ஒரே ஊசல் குண்டைப் பார்க்கட்டும், ஒரு திரை பிந்துவது கண்ணுக்கே தெரியும். திரைக்குக் கறுப்பு மட்டையில் ஒரு கூரை போடுங்க.

லேசர் 1 மில்லிவாற்றுக்கு மேல் வேண்டாம். தெருவில் விற்கும் பச்சை லேசர்களில் லேபிளில் உள்ள எண்ணை நம்ப ஏலாது, அதனால் சிவப்பு. இலக்குப் புள்ளியை மினுங்காத கறுப்புத் துணியில் ஒட்டுங்க. லேசர் போகும் பாதை சின்னப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கக்கூடாது. நாங்கள் பெரியாக்கள் நின்று பார்த்து "உயரமாத்தான் இருக்கு" எண்டு நினைப்பம், 6ஆம் ஆண்டுப் பிள்ளைக்கு அது நேரே முகம்.

கடைசல்பட்டறை

அதிபர் சொன்னது சரியான சொல். விளையாட்டுத் துவக்கை வெட்டி ஒட்டி 138 பஸ்ஸில கொண்டு போற யோசனை ஆருக்கும் இருந்தா இப்பவே விடுங்கோ. கொழும்பில அது பொலிஸ் நிலையத்தில விளங்கப்படுத்த வேண்டிய சாமான்.

வளைஞ்ச குழலுக்கு மாதிரி செய்யவேண்டாம். அரை அங்குல பி.வி.சி. குழாயை வெதுப்பி 30 பாகையும் 90 பாகையும் வளைச்சு வெறுமனே மேசையில வச்சு, பக்கத்தில 670 கிலோ, 2 தொன் எண்டு எழுதிவிட்டாக் காணும். வெதுப்பிறதுக்கு முதல் குழாய்க்குள்ள காய்ஞ்ச மணலை இறுக்கி நிரப்பி ரெண்டு பக்கமும் அடைங்கோ, இல்லாட்டி வளைவில நசிஞ்சு போகும்.

பம்பலப்பிட்டி_பௌதிகம்

மிச்சம் நன்றி. கண்ணாடி நாளைக்கு வெட்டக் குடுக்கிறம். மண்டபம் ஏசி, மேசை வாசலுக்குக் கிட்ட. அதால ஏதும் வருமா?

ஆடியும்வில்லையும்

வரும். ஏசிக்குள் குளிர்ந்த ஆடியை வாசற்பக்கம் கொண்டுவந்தால் வெளிக்காற்றின் ஈரம் உடனே படியும், நாலைந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. மாதிரியை ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள், கதவு திறந்து மூடும் பாதையில் வேண்டாம். ஸ்கேனர் ஆடியில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், பூச்சு வெளியில் இருக்கிறது, ஒரு துடைப்பில் கீறிவிடும். தானாகக் காய விடுங்கள். கடையில் வெட்டும்போது நாலு விளிம்பையும் அரைத்துத் தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் கட்டாயம் தொட்டுப் பார்க்கும்.